வள்ளத்துக்கு ஒரு மின்பொறி

மகாவலி கங்கையை மறித்து 1985இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா அணையின் பின்னே, கண்டி மாநகருக்குக் கிழக்கில், மலைகளுக்கிடையே பெரும் நீர்ப்பரப்பொன்று விரிந்து கிடக்கிறது. பழைய தெல்தெனிய நகரம் அதனுள் அமிழ்ந்துபோயிற்று. கடைகளும் வீடுகளும் இருந்த இடத்தின் மேலே இன்று மீன்பிடி வள்ளங்கள் செல்கின்றன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனே உள்நாட்டு நீர்நிலைகளில் வலை வீசுவோரின் முதன்மையான தேட்டம்.

இத்தகைய நீர்நிலைகளில் ஓடும் வள்ளங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை, ஒரு பக்கத்தில் மிதவை பூட்டியவை, துடுப்பினால் செல்பவை. வலையை இழுத்து, மீனைக் கழற்றி, எதிர்காற்றில் கரை சேர்வதற்குள் தோள் சோர்ந்துவிடும். பெற்றோல் பொறி பூட்டினால் என்ன என்று கேட்கலாம். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை எவர் மறப்பர்? எண்ணெய் கசிந்தால் நீரும் கெடும்.

மின்பொறி நேற்றுத் தோன்றியதன்று. குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர், கழற்றி மாட்டத்தக்க மின்பொறியொன்றை 1881இலேயே பாரிஸ் நகரின் சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். இன்று கிடைக்கும் சிறு பொறி, 12 வோல்ற்று பற்றரியில் 30 இறாத்தல் உந்துவிசை தருவது. முழுவேகத்தில் அது ஏறத்தாழ 30 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வலுவோ அரைக் குதிரைவலுதான். சிறிய வள்ளத்துக்கு அதுவே போதும்.

இடர் பற்றரியில் இருக்கிறது. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைச் செலவிடுவதே அதன் ஆயுளுக்கு நல்லது. ஏட்டுக் கணக்கில் அது முழுவேகத்தில் 100 நிமிடம். நடைமுறையில் இன்னும் குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் வேண்டிய வலு ஏறக்குறைய எட்டிலொரு பங்காகிவிடும். ஆகவே, மெல்லச் செல்பவனே நெடுந்தூரம் போய்த் திரும்புவான். மலிவான சில பொறிகள் வேகத்தைக் குறைக்கும்போதும் மின்னை வெப்பமாக வீணாக்குவதுண்டு. வாங்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும். இலிதியம் பற்றரி பாரத்திற் பாதிக்கும் குறைவு. விலைதான் கையைச் சுடும்.

பூட்டும் முறையும் முக்கியம். மிதவை நீரை உரசி இழுப்பதால் வள்ளம் அப்பக்கமே திரும்பப் பார்க்கும். பொறியை வள்ளத்தின் மிதவைப் பக்கத்து விளிம்பில், குறுக்கே இறுகக் கட்டிய பலகையில் பொருத்தினால் அந்த இழுப்பு பெரிதும் அடங்கும். பாரமான பற்றரி நடுவிலே, அடித்தளத்தில், அசையாது கட்டப்பட்டிருத்தல் நன்று. கம்பி தடித்த செம்பாகவும், பற்றரியின் அருகே உருகியொன்றும் இருக்க வேண்டும். இவ்வுருகியைச் சிலர் வீண்செலவென்று விட்டுவிடுகின்றனர். கம்பி சூடேறித் தீப்பற்றினால் நட்டாற்றில் ஓடுவதற்கு இடமேது?

வலைக்கு அருகில் பொறியை நிறுத்திவிட்டுத் துடுப்பையே பிடித்தல் வேண்டும். சுழலி வலையைச் சுருட்டிக்கொள்ளும். நீர் வற்றும் காலத்தில் அமிழ்ந்த மரக்கட்டைகளும் தலைகாட்டும். 1987இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பைப் பகுதி சரணாலயமாக்கப்பட்டதால், பொறி பூட்டுமுன் உரிய அதிகாரிகளிடம் அனுமதி கேட்பதும் அவசியம். போகும்போது எதிர்காற்றாயின் திரும்புதல் எளிது. காற்று முதுகில் தள்ளும் நாளிலோ, பற்றரியின் மூன்றிலொரு பங்கு தீருமுன்பே வள்ளத்தைத் திருப்பிவிட வேண்டும்.