இணையக் கடையும் இட வாடகை நிபந்தனைகளும்

(அம்பத்தூரில் கூடிய சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் பலர் இக்காலத்தில் கடைத்தெருவோடு நில்லாமல் இணையத்திலும் கடை வைக்கத் தலைப்பட்டிருக்கின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிப் பாகங்கள் செய்வோரும், ஆவடியில் ஆடை தைத்து விற்போரும், பூவிருந்தவல்லியில் வீட்டிலிருந்தே பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் பெண்மணிகளும் இவ்வழியில் இறங்குகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும், இலவச மென்பொருள் கிடைத்ததென்று கடை தொடங்கி, சில மாதங்களில் அது நின்றுபோகக் கண்டு மனம் சலித்தோரும் உளர். அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் எடுத்துரைப்பதே இன்று யாம் மேற்கொண்ட விஷயம்.

இணையக் கடையை நடத்தும் மென்பொருள்களுள் பல, விலையின்றியே கிடைப்பன. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய ஓஎஸ்காமர்ஸும், 2008-இல் வெளிவந்த மஜெண்டோவும், 2011-இல் வெளிவந்த வூகாமர்ஸும் இவ்வகையின. இவற்றின் மூல நிரல் யாவருக்கும் திறந்து கிடப்பது. அதனை எவரும் தம் காரியத்துக்கு இயக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பயனை இன்று சிறு வியாபாரியும் துய்க்கின்றான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதல் வேண்டும். இவ்வுரிமம் மென்பொருளை இயற்றியவர் நமக்கு அளித்தது. ஆனால் மென்பொருள் இயங்குவதற்கு ஒரு சர்வரில் இடம் வேண்டும். அவ்விடத்தை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனி அவ்வுரிமத்துக்குக் கட்டுப்பட்ட கட்சிக்காரர் அன்று. தன் இடத்தில் எது இயங்கலாம், எவ்வளவு இயங்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. ஏர் தானமாகக் கிடைத்ததனால் நிலமும் தானமாகிவிடுமோ?

குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங் எனப்படுவது. ஒரு சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது; ஒரு கிணற்றில் ஊரார் பலரும் நீர் இறைப்பது போன்றது. ஆதலின் ஒவ்வொருவருக்கும் அளவு வகுத்திருப்பர். நினைவகம் இவ்வளவு, ஒரு காரியத்துக்கு இத்தனை வினாடி, வைக்கக்கூடிய கோப்புகள் இத்தனை, ஒரு மணி நேரத்தில் அனுப்பக்கூடிய மின்னஞ்சல் இத்தனை என்று அவ்வளவுகள் பலவாம். விளம்பரத்தில் "அளவற்ற இடம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அளவுகளோ நிபந்தனைப் பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

கடை மென்பொருளோ பசி மிகுந்தது. வூகாமர்ஸுக்கு 256 மெகாபைட் நினைவகமாவது வேண்டுமென்று அதனைச் செய்தவர்களே கூறுகின்றனர். 2020-இல் வந்த மஜெண்டோ 2.4 பதிப்புக்கு எலாஸ்டிக்சர்ச் என்னும் தனித் தேடுபொறியும் வேண்டியிருந்தது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அத்தகையதை நிறுவ வாடகைதாரருக்குப் பொதுவாக அனுமதி இல்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் அறியலாம். பலகாரம் விற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் நாளுக்கு நாலைந்து ஆர்டர் வரும். கடை செவ்வனே நடக்கும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரே வேளையில் பலர் நுழைவர். வகுத்த அளவு நிரம்பியதும் கடை திறவாது. ஒருவர் பணம் செலுத்தியிருப்பார், அச்செய்தியை வங்கித் தரப்பிலிருந்து கொண்டுவரும் தகவலைச் சர்வரின் காவல் தடுத்திருக்கும், ஆர்டர் பதிவாகியிராது. பணம் கொடுத்தவர் குடும்பத்தின் நாணயத்தையே சந்தேகிப்பார். ஆண்டின் முதன்மையான வியாபாரமும் போய், தலைமுறையாய்த் தேடிய நற்பெயரும் போகுமானால் அந்நஷ்டத்துக்கு ஈடு யாது?

ஆயினும் கம்பெனிகளை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. ஒருவர் பழுதான மென்பொருளை வைத்திருந்தால் அண்டை வீட்டாருக்கும் ஆபத்து. மஜெண்டோவின் முதற் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூன் 30-உடன் முடிந்தது. இக்கடைகளுக்கு அடிப்படையான பி.எச்.பி. மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. பழையதை அகற்றினால் புதுப்பிக்காத கடை உடையும். அகற்றாவிட்டால் திருடன் நுழைவான். ஆகவே கட்டுப்பாடுகள் சில நம் காவலுக்காகவே உள்ளன.

நம் அம்பத்தூரிலேயே பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளனவே என்று சிலர் கேட்கலாம். மெய்தான். என்.டி.டி. நிறுவனம் 2023-இலும், டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனம் 2024 ஜனவரியிலும் இங்கே மையங்களைத் திறந்தன. பின்னதன் வளாகம் 100 மெகாவாட் வரை வளரத் திட்டமிட்டது. ஆனால் அவை பெருநிறுவனங்களுக்கு இடமளிப்பவை. நெற்களஞ்சியத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பதனால் நம் உலை பொங்கிவிடாது.

வேறு வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ் போன்றவற்றில் ஆயத்தமான கடையை வாடகைக்கு எடுப்பது. கவலை குறைவு, ஆனால் வெளியேறும்போது சரக்குப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கொண்டுபோகலாமேயன்றிக் கடையை நடத்தும் மென்பொருளைக் கொண்டுபோக இயலாது. மற்றொன்று, வி.பி.எஸ். என்னும் தனிப்பகுதியை எடுப்பது. அங்கே வேண்டிய மென்பொருளை நிறுவலாம்; காவற்பொறுப்போ நம்முடையது. சில வகைச் சைபர் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென்று, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் கட்டளையிட்டிருக்கின்றது.

ஆதலின் யாம் கூறும் யோசனைகள் இவை. முதலாவது, வாடகை கொடுக்குமுன் நினைவகம், கோப்பு எண்ணிக்கை, மின்னஞ்சல் அளவு, பி.எச்.பி. பதிப்பு ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. இரண்டாவது, கடையின் டொமைன் பெயர், கடையமைத்துக் கொடுத்தவர் பெயரில் அன்றி உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கட்டும். பெயர் கையில் இருந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, வாரந்தோறும் கடை முழுவதையும் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்து, அப்பிரதி திறக்கின்றதா என்றும் சோதித்துப் பார்க்கவும். நான்காவது, வாடிக்கையாளரின் கார்டு எண்களைச் சேமிக்க வேண்டா. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதியும் வியாபாரிகளுக்கு அதனைத் தடுக்கின்றது.

ஐந்தாவது யோசனை சங்கத்தைப் பொறுத்தது. தனித்தனியே பலர் சிறு வாடகை கொடுத்து இடர்ப்படுவதிலும், நாமே கூடி ஒரு வி.பி.எஸ். எடுத்து, ஒவ்வொரு கடையையும் தனிக் கணக்கில் பிரித்து வைத்து, கணினி கற்ற நம் இளைஞர் இருவரைத் தக்க சம்பளத்துடன் பராமரிக்க அமர்த்துவது நன்று. கல்வி நிதி திரட்டி மாணவரைப் படிக்கவைத்த நமக்கு இது அரிய காரியமன்று. அம்மாணவரே இன்று இப்பணிக்கு உதவுவர். புறம்பான ஊழியமென்று அவர்களிடம் இனாமாக வேலை வாங்குதல் ஆகாது. சம்பளமில்லாத காவல் பண்டிகை நாளில் உறங்கிவிடும்.

இணையக் கடை வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குத் தம் ஹோஸ்டிங் நிபந்தனைப் பத்திரத்தைக் கொண்டுவரல் வேண்டும். ஒருங்கே இருந்து படித்துப் பார்ப்போம். யாருக்கு இருக்கும் இடமே போதும், யார் இடம் மாற வேண்டும் என்பது அன்றே விளங்கும். தீபாவளிக்கு முன் இக்காரியம் முடிய வேண்டுமென்பது எம் விண்ணப்பம்.