குழியில் வெயில், மண்டபத்தில் நிழல்

ஒரகடம் பக்கத்தில் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் வட்டாரத்தில் இருக்கிறது வடக்குப்பட்டு. 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. கற்காலக் கருவிகள் கிடைத்தன. ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. செய்தித்தாளில் வந்தது பொருள்களைப் பற்றி. நான் பேச வந்தது, அதுபோன்ற குழிகளைப் படம் எடுக்கும் கலையைப் பற்றி.

சதுரமாக வெட்டிய குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் சுள்ளென்று வெயில். எதிர்ச் சுவரில் அடர்ந்த நிழல். ஆய்வாளருக்கோ இரண்டு சுவரிலும் மண்ணடுக்கு தெரிந்தாக வேண்டும். வெயிலுக்கு ஏற்பக் கேமராவின் வெளிச்ச அளவை வைத்தால் நிழல் கறுத்துப்போகும்; நிழலுக்கு வைத்தால் வெயில் பட்ட இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன் எடுப்பார்கள். இல்லாவிட்டால் துணி பிடித்துக் குழி முழுவதையும் நிழலாக்கி எடுப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்குவது. ஷட்டர் நேரத்தை மட்டுமே மாற்ற வேண்டும். லென்ஸின் துளையைத் தொட்டால் எது தெளிவு, எது மங்கல் என்பது படத்துக்குப் படம் மாறிவிடும். டாம் மெர்டென்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட முறையில், கணினி ஒவ்வொரு புள்ளியையும் சோதிக்கிறது: நுணுக்கம் எந்தப் படத்தில் அதிகம், நிறம் எதில் செழிப்பு, எதில் வெளுக்காமலும் கறுக்காமலும் இருக்கிறது என்று. தேறிய படத்துக்கு அந்த இடத்தில் கூடுதல் பங்கு. காற்றில் ஆடும் இலை மட்டும் ஏமாற்றிவிடும். மூன்று படத்திலும் மூன்று இடத்தில் நின்று பேயாகத் தெரியும்.

கணினி வந்த பிறகு பிறந்த யோசனை அல்ல இது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அவர் கண்டுபிடித்த மெழுகுத்தாள் நெகட்டிவைத்தான் நம் ஊரில் லின்னேயஸ் டிரைப் பயன்படுத்தினார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படம் எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் நீல வானம் வெறும் வெள்ளையாக விழும். மனிதர் தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே மேகம் தீட்டிவிட்டார்! அழகுதான், ஆனால் அன்று மதுரை வானில் அந்த மேகம் இருந்ததா என்று யாரும் கேட்க முடியாது. மூன்று படங்களைச் சேர்ப்பவர் அந்த வகையில் நாணயமானவர். இருந்த வெளிச்சத்தை மட்டுமே சேர்க்கிறார்.

அப்படியானால் எங்கும் இதைச் செய்யலாமா? இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். இப்போது கைப்பேசி கேட்காமலே பல படங்களைச் சேர்த்துவிடுகிறது. கோயில் மண்டபத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள்: தூண், விதானம், மூலை எல்லாம் ஒரே வெளிச்சம். கல்லுக்குக் கனமே இல்லை. தகரத்தில் செய்ததோ என்று தோன்றும். இதே டிரைப் மதுரைப் புதுமண்டபத்தின் பக்கநடையை எடுத்த படத்தில், வெளிச்சம் தூண்களின் இடைவெளி வழியே வந்து தரையில் விழுகிறது. இருட்டு இருட்டாகவே இருக்கிறது. அதனால்தான் அந்த நடை அவ்வளவு நீளமாகத் தெரிகிறது.

குழியின் படம் சாட்சி. அதில் நிழல் இடைஞ்சல். மண்டபத்தைக் கட்டிய சிற்பியோ நிழலையும் கணக்கில் வைத்துத்தான் செதுக்கினான். ஆகவே மண்டபத்தில் மூன்று படம் எடுங்கள், தவறில்லை. சேர்க்கும்போது நிழலுக்காக எடுத்த படத்தைப் பாதி வலுவில் மட்டும் சேருங்கள். யாளியின் பல் தெரியட்டும். தூணின் முதுகு கறுப்பாகவே இருக்கட்டும்.