நீர்க்குடமும் முள்வேலியும்



யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் இருந்திருந்தால் இன்றைய பேச்சுக்கு இலக்கியத்தைத்தான் தலைப்பாகக் கேட்டிருப்பார். நாம் எல்லையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாட்டின் எல்லை ஓட்டையாகக் கிடக்கிறது, ஊடுருவல்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், இறையாண்மைக்கு ஆபத்து என்று நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் தேர்தல் மேடையிலும் ஓயாமல் பேசுகிறார்கள். இந்த விவாதத்தில் பேசுகிறவர்களில் எல்லையோரத்தில் குடியிருப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் நமக்கும் எல்லை என்றால் பனிமலைதான் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வங்காளத்தின் நெல்வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் எல்லையை, 4,096 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திய–வங்கதேச எல்லையை, நாம் பார்த்ததில்லை. அந்த எல்லையின் இருபுறமும் நம்மைப் போன்றவர்கள் வாழ்கிறார்கள் என்பதும் நமக்குச் சொல்லப்பட்டதில்லை.

எல்லை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பழைய காலத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு வந்தால், பறையர் ஒருவரை அழைத்து, தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கச் சொல்வார்கள், அவர் நடந்த வழிதான் எல்லை என்று காலனிய இனவரைவியல் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஊரின் எல்லையைத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஊரைக் காக்கும் வேலை அவருடையது, ஊர் அவருடையதல்ல. உத்தப்புரத்துச் சுவர் 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது ‘எங்கள் பாதுகாப்பு’ என்ற சொல்லைத்தான் சுவரின் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். ஆகவே, பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் வங்காளத்துக்குப் போகிறோம்.

1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய பம்பாயில் கதவு அடைக்கப்பட்டபோது, வங்காளத்திலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் ஜோகேந்திரநாத் மண்டல். பாரிசால் மாவட்டத்தில் ஒரு நாமசூத்திர விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாமசூத்திரர்கள் ஒரு காலத்தில் சண்டாளர் என்று அரசாங்கக் கணக்கிலேயே எழுதப்பட்டவர்கள். ஹரிசந்த் தாக்கூரும் அவர் மகன் குருசந்த் தாக்கூரும் கட்டியெழுப்பிய மத்துவா இயக்கத்தாலும், நீண்ட போராட்டத்தாலும், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயரை மாற்ற வைத்தவர்கள். சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்தி வயலாக்கியவர்கள்.

1947 ஜூலையில் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்த ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் ஐந்தே வாரத்தில் கோடு போட்டார். கோடு எங்கே என்பது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17இல்தான் மக்களுக்குத் தெரிந்தது. அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்த பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் பம்பாயிலிருந்து மறுபடி தேர்ந்தெடுக்கப்பட வேண்டியிருந்தது. மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950இல் தம் மக்கள் மீது நடந்த வன்முறையைப் பட்டியலிட்டுப் பதவி விலகி கல்கத்தா வந்தார். அங்கே அவர் போட்டியிட்ட தேர்தல்களில் வெல்லவேயில்லை. ஒரு நாட்டில் சட்டம் எழுதியவரும் இன்னொரு நாட்டில் சட்ட அமைச்சராக இருந்தவரும் நம்மவர்கள். ஆனால் அந்தக் கோட்டைப் போடும்போது யாரும் நம்மைக் கேட்கவில்லை.

அதே நாட்களில் கராச்சியில் நடந்ததை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில், கராச்சியின் தலித் துப்புரவுத் தொழிலாளர்களை மட்டும் போக விடவில்லை. அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைக் காட்டித் தடுத்தார்கள். அவர்கள் போய்விட்டால் தெருவையும் கழிப்பறையையும் யார் சுத்தம் செய்வது என்பதுதான் கேள்வி. 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். இந்துக்களுக்கு ஒரு நாடு, முஸ்லிம்களுக்கு ஒரு நாடு என்று பிரித்துக்கொண்டபோது, மலம் அள்ளுகிறவர் எந்த மதம் என்று பார்க்கப்படவில்லை. உள்ளே வருகிறவரைத் தடுக்கத்தான் எல்லை என்று நினைக்கிறோம். வெளியே போகிறவரைப் பிடித்துவைக்கவும் அது பயன்படும்.

கிழக்கு வங்காளத்திலிருந்து முதலில் வந்த மேல்சாதி அகதிகளில் பலர் கல்கத்தாவைச் சுற்றிக் குடியிருப்புகள் அமைத்துக்கொண்டார்கள். அவர்களும் துன்பப்பட்டவர்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நிலத்தை விட்டு வர முடியாமல் தங்கி, பிறகு அடித்து விரட்டப்பட்டு வந்த நாமசூத்திர உழவர்களுக்கு இடமில்லை என்றது அரசு. 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் பெயரால் அவர்கள் மத்திய இந்தியாவின் காட்டுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஆற்று மண்ணில் நெல் போட்டவர்களுக்குக் கல் பூமி. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஆதிவாசிகளின் நிலத்தில் இவர்களைக் கொண்டுபோய் வைத்தது இன்னொரு அநியாயம்.

இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்த நம்பிக்கையில் 1978இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்குத் திரும்பினார்கள். குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன் பிடித்தார்கள். 1979 ஜனவரியில் அரசு தீவைச் சுற்றிப் படகுகளை நிறுத்தி உணவையும் தண்ணீரையும் மறித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி எல்லோரையும் அகற்றினார்கள். பாதுகாக்கப்பட்ட காடு என்பது அரசு சொன்ன காரணம். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை. பசியிலும் காலராவிலும் இறந்த குழந்தைகளை யார் எண்ணினார்கள்? உழைக்கும் மக்களின் கட்சி ஆண்ட காலத்தில் இது நடந்தது என்பதை இடதுசாரித் தோழர்களிடம் நாம் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இப்போது வேலிக்கு வருவோம். இரு நாடுகளின் எல்லைக் காவல் அதிகாரிகளுக்கான 1975ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகளின்படி, எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக்கூடாது. ஆகவே முள்வேலி கோட்டின் மேல் இல்லை, பல இடங்களில் இந்திய மண்ணுக்குள் தள்ளி நிற்கிறது. கோட்டுக்கும் வேலிக்கும் இடையில் கிடப்பது இந்திய நிலம், இந்தியக் குடிமக்களின் வயல், சில இடங்களில் வீடுகளும். தன் வயலுக்குப் போக ஒரு விவசாயி வேலிக் கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடையாள அட்டையைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கதவு மூடும் முன் திரும்ப வேண்டும். கருக்கலில் தண்ணீர் பாய்ச்ச முடியாது. சணல் உயரமாக வளர்ந்தால் ஆள் மறைவார் என்று பல இடங்களில் அதைப் பயிரிட விடுவதில்லை. இராத்திரி பிரசவ வலி வந்தால் கதவுக்குச் சாவி யாரிடம்? நாட்டின் இறையாண்மை முழுவதையும் தங்கள் வயலில் சுமப்பவர்கள் இவர்கள்: நாமசூத்திரர், ராஜ்பன்சி, ஏழை முஸ்லிம்.

2011 ஜனவரி 7ஆம் தேதி 15 வயதுச் சிறுமி ஒருத்தி, இந்தியாவில் கூலி வேலை செய்த தகப்பனோடு, தன் கல்யாணத்துக்காக ஊர் திரும்பும்போது அந்த வேலியில் ஏறினாள். உடை முள்ளில் சிக்கியது. பயத்தில் கத்தினாள். சுட்டார்கள். அவள் உடல் வேலியிலேயே மணிக்கணக்கில் தொங்கியது. சுட்ட காவலரைப் படையின் சொந்த நீதிமன்றமே விடுவித்தது.

அப்படியானால் எல்லையே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெண் குழந்தைகளைக் கடத்தி விற்கிறார்கள், கள்ளநோட்டும் தங்கமும் கடக்கின்றன. அவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். கடத்தப்படும் பெண்களும் ஏழை வீட்டுப் பெண்கள்தான். ஆனால் ‘கவனக்குறைவு’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாட்டு மந்தை இருட்டில் தானாக எல்லைக்கு நடந்து வருவதில்லை. பல நூறு மைல் லாரியில் வருகிறது, வழியில் எத்தனையோ சோதனைச் சாவடிகள். சுடப்படுகிறவன் கடைசி நூறு அடிக்கு மாட்டை ஓட்டும் கூலிக்காரன். பாபாசாகேப் பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் எல்லைப் பாதுகாப்பு என்ற கேள்வியை நேராகவே எடுத்துப் பேசினார். நல்ல மலையும் ஆறும் எல்லையாக அமைந்தால் நாடு பத்திரம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. வலிமை கோட்டில் இல்லை, காப்பவர்களிடம் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பேசியது இராணுவத்தைப் பற்றி. நாம் அதைக் குடிமக்களுக்கும் நீட்டிப் படிக்கிறோம்.

2005இல் அசாம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பெருமளவிலான சட்டவிரோதக் குடியேற்றத்தை ‘வெளி ஆக்கிரமிப்பு’ என்ற அரசியல் சட்டச் சொல்லுக்குள் கொண்டுவந்தது. கூலிக்கு வந்தவர் படையெடுத்து வந்தவரானார். அதற்கு முன்பே, 2003இன் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதைக் குடியுரிமைச் சட்டத்துக்குள் நுழைத்துவிட்டது. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவரானால் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, வங்காளி இந்துக்களும் ஏராளம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன, பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் தம் தகப்பனுக்குத் தாம் மகள்தான் என்று நிரூபிக்க முடியாமல் நின்றார்கள். 2019இன் திருத்தச் சட்டம் நாமசூத்திரர்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்னார்கள். 2024இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். தான் அந்நிய நாட்டிலிருந்து வந்தவன் என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கும் ஆவணம் வேண்டும். வீடு எரியும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் நிலப் பத்திரத்தையா எடுத்து வந்திருப்பார்?

அந்தச் சட்டம் இலங்கையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இங்கே நம் கதை சேர்கிறது. 1948இல் இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தபோது, பறிகொடுத்தவர்களில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து தேயிலைக்குப் போனவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இரண்டு இறையாண்மைகள் கைகுலுக்கிக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களை நீலகிரியில் ‘சிலோன்காரன்’ என்றார்கள். அங்கே அவர்கள் இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர். சாதிச் சான்றிதழ் கேட்டால், உன் சாதியை இங்கே யாருக்குத் தெரியும் என்ற பதில்.

2025இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குத் தேர்தல் ஆணையம் சொன்ன காரணங்களில் அயல்நாட்டு ஊடுருவலும் ஒன்று. அதே ஆண்டில் வங்காள மொழி பேசிய புலம்பெயர் தொழிலாளர்கள் சிலரைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளி, இந்தியர்கள்தான் என்று தெரிந்த பின் திரும்ப அழைத்தார்கள். அவர்களுடைய மொழியே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தமிழ் பேசும் நமக்கு அந்தப் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள லயன்களில், தகரப் பெட்டிக்குள், அந்த நாளைய குடும்ப அட்டை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாள் மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கிக் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. இங்கே வந்திருக்கும் சமூகவியல் மாணவர்கள் இருபது பேர் கோடை விடுமுறையில் முன்வந்தால், அந்த அட்டைகளை வீடு வீடாகப் படமெடுத்து, உடையவர் வாய்மொழியையும் சேர்த்துப் பதிவுசெய்து, ஒரு பிரதியை அந்தந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வாருங்கள்.