பரிசு கொடுத்தவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் எங்கே?



பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்தி நம் நாளேடுகளில் பெரும்பாலும் எப்படி வருகிறது என்று பாருங்கள். போட்டியை அதிகாரப்பூர்வமாகத் தொடக்கி வைத்தவர் யார், சிறப்பு வருகை புரிந்த சட்டமன்ற உறுப்பினர் யார், அவர் எவ்வளவு மானியம் அறிவித்தார், தலைமையாசிரியர் யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். படத்தில் பிரமுகர் நடுவில் நிற்பார். அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிய பிள்ளை ஓரத்தில் நிற்கும். படத்தின் கீழே, ‘வெற்றி பெற்ற மாணவருடன்’ என்று மூன்று சொற்கள். அந்த மாணவரின் பெயர் என்ன? எந்த ஓட்டத்தில் ஓடினார்? எத்தனை விநாடியில் ஓடினார்? செய்தி முழுவதும் தேடினாலும் கிடைக்காது.

இதற்கு நிருபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிறுபட்டணங்களிலிருந்து தமிழ் நாளேடுகளுக்குச் செய்தி அனுப்புவோர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர்கள். வேறொரு வேலை பார்த்துக்கொண்டே ஆலயத் திருவிழா, சங்கக் கூட்டம், சாலை விபத்து என எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்கள். காலையில் தொடங்கி மாலை வரை நடக்கும் போட்டியில் அவர்களால் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தால் பெரிது. அந்த ஒரு மணி நேரம் பரிசளிப்பு நேரமாகவே அமைந்துவிடுகிறது. ஏற்பாட்டாளர் கையில் கொடுக்கும் தாளில் பிரமுகர்களின் விருதுப் பட்டங்கள் பிழையில்லாமல் இருக்கும். போட்டி முடிவுகள் இருக்காது. நிருபர் இருப்பதைத்தானே எழுத முடியும்?

தொலைக்காட்சியின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கோலாலம்பூரிலிருந்து மெர்போக்கிற்கு ஒளிப்பதிவுக் குழு வரவேண்டுமானால் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நாட்டு நடப்பு முழுவதையும் குறுகிய நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டிய தமிழ்ச் செய்தியில், கோலமூடா மாவட்டப் பள்ளிகளின் ஓட்டப்பந்தயத்திற்கு இடம் கிடைப்பது அரிது.

பதின்மூன்று வயதில் மறையும் பெயர்

இதைவிடக் கவலை தரும் ஒன்று உண்டு. மெர்போக், செமெலிங், பீடோங் வட்டாரத்துப் பிள்ளை ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது நன்றாக ஓடினால், அந்தச் செய்தி எப்படியாவது நாளேட்டுக்கு வந்துவிடும். தலைமையாசிரியருக்கு நாளேட்டோடு தொடர்பு இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நிருபரைத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஆனால், மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. முதலாம் படிவத்திற்கு அந்தப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே விளையாட்டுப் பொறுப்பாசிரியர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர். அவர் எழுதும் அறிக்கை மலாய்மொழியில் இருக்கும். அதைத் தமிழ் நாளேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தேசிய மலாய் நாளேடோ மாநில, தேசிய நிலைப் போட்டிகளுக்குத்தான் இடம் தரும்.

பள்ளி விளையாட்டு மன்றங்கள் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்துப் போட்டி நடத்துகின்றன. பிஞ்சு வயதில் ஓடியது செய்தியாகிறது. உண்மையான திறன் வெளிப்படும் 15, 18 வயதுப் பிரிவுகளில் அதே பிள்ளை தமிழ்ச் செய்தியிலிருந்து காணாமல் போகிறாள்.

முன்பு தோட்டம் இருந்தது. திடலும் கோயிலும் லயத்து வீடுகளும் ஒரே இடத்தில் இருந்தன. யார் வேகமாக ஓடினார், யார் கோல் போட்டார் என்பது மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அச்சில் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் சுங்கை பட்டாணி தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வெற்றிகூடத் தெரிவதில்லை. வாய்வழிச் செய்தி நின்றுபோன இடத்தில்தான் நாளேட்டின் வேலை கூடியிருக்க வேண்டும். ஆனால், ஏடுகளே குறைந்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுபோனது அனைவரும் அறிந்ததே.

எண்ணை எழுதினால் என்ன கிடைக்கும்?

‘பேப்பரில் பெயர் வந்தால் சோறு போடுமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பி.ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எந்த மலேசியராலும் முறியடிக்க முடியவில்லை. பின்னால் வந்த ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் அந்த எண் ஓர் இலக்காக இருந்தது. எண் எழுதப்பட்டதால்தான் இலக்கு கிடைத்தது. ‘சிறப்பாக ஓடினார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் யார் எதைத் துரத்துவது?

மாவட்ட நிலைக்கும் இது பொருந்தும். 15 வயதுக்குட்பட்ட பிரிவில் ஒரு மாணவி சென்ற ஆண்டு ஓடிய நேரமும் இவ்வாண்டு ஓடிய நேரமும் அச்சில் இருந்தால், அவள் எவ்வளவு முன்னேறினாள் என்பதை மாநிலப் பயிற்றுநர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. நாளேட்டுச் செய்தி சான்றிதழுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால், தாயும் தகப்பனும் ‘விளையாட்டை விட்டுவிட்டுப் படி’ என்று சொல்லும் வீட்டில், ஒட்டி வைத்த ஒரு செய்தித் துண்டு பிள்ளைக்காக வாதாடும்.

மெர்போக்கிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சுங்கை பட்டாணியில் பிறந்தவர்தான் ஸ்குவாஷ் வீராங்கனை எஸ்.சிவசங்கரி. 2018 ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் நிக்கோல் டேவிட்டிடம் தோற்று வெள்ளி வென்றார். 2022இல் சாலை விபத்தில் கடுமையாகக் காயமடைந்து காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டார். மீண்டு வந்து, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024இல் லண்டனில் நூர் எல் ஷெர்பினி, ஹானியா எல் ஹமாமி ஆகிய எகிப்தின் முன்னணி வீராங்கனைகளை வென்று பட்டம் சூடினார். அன்று எல்லா ஊடகங்களும் அவரைக் கொண்டாடின, மகிழ்ச்சி. ஆனால், லண்டனில் வென்ற பிறகு எழுதுவதற்கு உலகமே இருக்கிறது. சுங்கை பட்டாணியில் பந்தடிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி எழுத உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைக்காலப் பேஸ்பால் போட்டியை 1915இல் தொடங்கி நடத்தி வருவதே அசாஹி என்னும் நாளேடுதான். மாநிலந்தோறும் வென்ற பள்ளிகள், மொத்தம் 49, கோஷியன் அரங்கில் மோதுகின்றன. பொது ஒளிபரப்பு நிறுவனம் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்புகிறது. மாநிலச் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற சிற்றூர்ப் பள்ளியின் முடிவும் அந்த வட்டாரப் பக்கத்தில் அச்சாகிறது. தோற்றவன் பெயரும் அங்கே செய்திதான்.

அரைத் தாள் போதும்

அந்த அளவுக்குப் பணம் நம் ஏடுகளிடம் இல்லை. ஆனால், அரைத் தாள் எழுத எவ்வளவு செலவாகும்? இடைநிலைப் பள்ளிகள் பலவற்றில் தமிழ்மொழி ஆசிரியர் இருக்கிறார். தமிழ்மொழிக் கழகம் இருக்கிறது. கழகத்தின் நான்காம் படிவ மாணவர் ஒருவரே பள்ளியின் நிருபராக இருக்கலாம். அவர் எழுத வேண்டியவை இவைதாம்: மாணவரின் பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, குடும்பத்தார் எழுதும்படியே, பள்ளி, படிவம், வயதுப் பிரிவு, போட்டி எது, எங்கே, எந்தத் தேதியில், எத்தனையாவது இடம், நேரம், தூரம் அல்லது கோல் கணக்கு. பிரமுகரின் பெயர் கடைசி வரியில் வரட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படம் எடுப்பவர் முடிவுக்கோட்டில் நின்று எடுக்கட்டும். தொலைக்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தால், கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து அரை நிமிடம் பதிவு செய்தால் போதும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். பிள்ளைகளின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதையும் செய்தியில் சேர்க்கக் கூடாது. பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ‘தங்க மங்கை’, ‘மின்னல் வீரன்’ என்று பட்டம் சூட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு தோற்கும்போது அந்தப் பட்டம் பாரமாகிவிடும். பெண் பிள்ளைகளின் வலைப்பந்தும் ஹாக்கியும் ஆண்களின் காற்பந்துக்குச் சமமான இடம் பெறட்டும்.

மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லையும் பானை ஓட்டையும் பாதுகாத்து, இன்னது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஜெராய் மலையடிவாரத்தில் ஓடும் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட வேண்டியவர்கள்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, அடுத்த குறுக்கோட்டப் போட்டி நடக்கும் நாளில் முடிவுப் பட்டியலை ஒரு படம் எடுங்கள். அன்றிரவே அரைத் தாளில் எழுதி நிருபருக்கு அனுப்புங்கள். முதல் முறை வராவிட்டால் இரண்டாம் முறையும் அனுப்புங்கள். ஆசிரியர்க் குழுவினரும், பெயரில்லாத படம் வந்தால் ‘பிள்ளையின் பெயர் என்ன?’ என்று ஒரு முறை திருப்பிக் கேளுங்கள்.