கைப்பேசி: நிறுவனம் சேகரிக்கிறது, அரசு எடுத்துக்கொள்கிறது

(பெங்களூரு ஒக்கலிபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்தரங்க உரிமை குறித்த இந்தியாவின் மிக முக்கியமான தீர்ப்பு, இந்த நகரத்து முதியவர் ஒருவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்சநீதிமன்றம் சென்றபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். அவ்வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்படியோர் அடிப்படை உரிமை கிடையாது என்று அங்கே வாதாடியது ஒன்றிய அரசு.

நான்காண்டுகள் முடிவதற்குள் இதே நகரத்தின் உயர்நீதிமன்றத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. போதைப்பொருள் வழக்கு ஒன்றில் கைதானவரின் கைப்பேசியைத் திறக்கக் கடவுச்சொல்லைத் தருமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாமா? தனக்கு எதிராகத் தானே சாட்சியம் அளிக்க எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் 2021 மார்ச் 12 அன்று அளித்த தீர்ப்பு, கடவுச்சொல்லைத் தருவதோ விரல் ரேகையால் திறப்பதோ சாட்சியம் ஆகாது என்றது. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் சாட்சியம் ஆகா என்று 1961இல் உச்சநீதிமன்றம் கூறியதே இதற்கு அடிப்படை.

இந்த ஒப்புமை பொருந்தாது. கைரேகை உடலில் இருக்கிறது. கடவுச்சொல் மனத்தில் இருக்கிறது. மனத்தில் இருப்பதைக் கட்டாயப்படுத்தி வெளிக்கொணரக் கூடாது என்பதே, நார்கோ சோதனையை எதிர்த்த ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி. அதன் வழிநின்று, கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திப் பெற முடியாது என்று தில்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022 அக்டோபரில் முடிவு செய்தது.

ஆயினும் கர்நாடகத் தீர்ப்பில் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதிகளும் உள்ளன. கைப்பேசியைச் சோதிக்க நீதிமன்றத்தின் வாரண்ட் வேண்டும். அவசர நிலையில் வாரண்ட் இன்றிச் சோதிப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளே கிடைத்ததை நீதிமன்ற அனுமதியின்றி மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது. அதே 2021 அக்டோபரில் ஹைதராபாத் காவலர்கள் கஞ்சா தேடுவதாகச் சொல்லி, தெருவில் செல்வோரை நிறுத்தி வாட்ஸ்ஆப் உரையாடல்களைப் பார்த்தார்களே, அப்படி நடப்பதற்கு இத்தீர்ப்பில் இடமில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு இந்த வேலியைத் தளர்த்துகிறது. மின்னணுச் சான்று இருக்கக்கூடிய கருவியை ஒப்படைக்குமாறு நீதிமன்றம் மட்டுமல்ல, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் எழுத்து மூலம் உத்தரவிடலாம். நீதிபதியின் மனம் தலையிட வேண்டிய இடத்தில் காவல் அதிகாரியின் கையெழுத்தே போதுமானதாகிவிட்டது.

கைப்பேசி பறிபோவது எல்லோருக்கும் ஒரே பொருளுடையதல்ல. வசதி படைத்தவர் மாலைக்குள் இன்னொன்று வாங்கிவிடுவார். ஒக்கலிபுரத்திலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ காலையில் வண்டியெடுத்துச் செல்லும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு அதுவே தொழிற்கருவி. ஆர்டர் வருவதும், கூலி வந்து சேர்வதும், வங்கியின் ஓடிபி வருவதும் அதில்தான். அது ஒரு மாதம் காவல் நிலைய அலமாரியில் கிடந்தால், குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒரு மாத வேலை நீக்கம்.

அதே தொழிலாளி எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எந்தத் தெரு வழியே திரும்பினார் என்பதையெல்லாம் நிறுவனத்தின் செயலி முன்பே எழுதி வைத்திருக்கிறது. 2025இல் இயற்றப்பட்ட கர்நாடக கிக் தொழிலாளர் சட்டம், தானியங்கிக் கண்காணிப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. இது பயனுள்ள முதற்படி. ஆனால் சேகரிப்பதையே அது தடுத்துவிடவில்லை.

வாட்ஸ்ஆப் செய்தி குறியாக்கம் செய்யப்பட்டது, எவரும் படிக்க முடியாது என்ற சமாதானம் பரவலாக உள்ளது. செய்தியின் உள்ளடக்கம் வழியில் மறைந்திருப்பது உண்மையே. யார் யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினார் என்ற விவரங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. வேலைநிறுத்தத்திற்கு முந்தைய இரவு யார் யாரை அழைத்தார் என்று அறிய வேறெதுவும் தேவையில்லை. பயனாளர் தரவைத் தாய் நிறுவனமான மெட்டாவுடன் பகிர ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2021இல் திணிக்கப்பட்ட நிபந்தனைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அமெரிக்காவிலோ, விளம்பரச் சந்தையில் விற்கப்படும் இருப்பிடத் தரவைத் தமது அமைப்பு முன்பு விலைக்கு வாங்கியதாக எஃப்பிஐ இயக்குநரே 2023 மார்ச்சில் செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளும் வசதியை அரசுக்கு முதலாளித்துவம் செய்து கொடுத்திருக்கிறது.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்களைக் காக்கும் என்றார்கள். அதன் 17ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அச்சட்டமே பொருந்தாது. 44ஆவது பிரிவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதிகாரிகள் பற்றிய விவரங்களை மறைக்க வழி செய்கிறது. மக்கள் அரசுக்குக் கண்ணாடியாக வேண்டும். அரசு மக்களுக்குச் சுவராக இருக்குமாம்!

எதிர்ப்பு வீண்போவதில்லை. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று ஒன்றிய அரசு உத்தரவிட்டது. செய்தி வெளியானதும் எழுந்த கண்டனத்தால் டிசம்பர் 3 அன்று அதைத் திரும்பப் பெற்றது. இத்தகைய ஆசை கர்நாடகத்திற்கும் புதிதல்ல. 2020 மார்ச்சில், வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டோர் மணிக்கொரு முறை செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது அன்றைய மாநில பாஜக அரசு.

பறிமுதல் செய்யப்படும் கருவிக்குள் என்ன இருக்கும், என்ன வைக்கப்படும் என்பது தனிக் கேள்வி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர், பெங்களூருவின் இந்தியச் சமூக நிறுவனத்தில் பல்லாண்டுகள் இயக்குநராக இருந்தவர் அருட்தந்தை ஸ்டேன் சுவாமி. பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலே இறந்தார். அவருடைய கணினி 2014 முதல் ஊடுருவப்பட்டு, அதில் கோப்புகள் புகுத்தப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை.

ஆகவே, கருவியைக் கைப்பற்றும் நேரத்தில் ‘ஹாஷ் மதிப்பு’ பெறுவது முக்கியம். கருவியில் உள்ள தரவு முழுவதிலிருந்தும் கணக்கிடப்படும் நீண்ட குறியெண் அது. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழிலும் அதற்கு இடமுண்டு. காவலர் கைப்பேசியைக் கேட்டால், எழுத்து மூலமான உத்தரவைக் கேட்க வேண்டும். மகசரில் கருவியின் ஐஎம்இஐ எண் எழுதப்பட்டதா என்று பார்த்து, நகல் கோர வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் காணொலியாகப் பதிவு செய்வது 105ஆவது பிரிவின்படி காவல்துறையின் கடமை; அதை அங்கேயே நினைவூட்டலாம். வாக்குவாதமும் தள்ளுமுள்ளும் வேண்டாம். அவை வேறு வழக்குக்கு இடம் கொடுக்கும்.

ஒவ்வொரு கிளையும் வழக்கறிஞரின் எண்ணைக் காகிதத்தில் எழுதித் தோழர்களின் வீடுகளில் கொடுத்து வைக்க வேண்டும். கைப்பேசி பறிபோகும்போது, அதில் பதிந்து வைத்த எண்ணும் சேர்ந்தே போய்விடும்.