வீட்டுக்குள் செம்பருத்தி

மல்லாங்கிணறு போன்ற கரிசல் பகுதியில் செம்பருத்தியை வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படுபவர்கள், தொட்டியில் வெறும் கரிசல் மண்ணை நிரப்பிவிடாதீர்கள். நனைந்தால் களியாகும், காய்ந்தால் வெடிக்கும். நடுவில் வேர் திணறும். மணலும் மக்கிய சாண எருவும் தாராளமாகக் கலக்கவேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம்.

மொட்டு உதிர்கிறதா? திருஷ்டியெல்லாம் இல்லை. வெளிச்சம் போதாததோ, மண் அடிக்கடி காய்ந்துபோவதோதான் பெரும்பாலும் காரணம். நல்ல வெயில் வரும் ஜன்னலோரம் வையுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் செடிக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

மழை படாத இடமென்றால் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். புதுக்கிளையில்தான் பூ வரும், கவாத்து பண்ணத் தயங்காதீர்கள். வெட்டிய குச்சியை எறியவேண்டாம், நட்டு வளர்க்கப் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.