சமன்பாடு தீர்க்குங் கணினித் துணை
(கீழ்புத்துப்பட்டில் நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் கணக்கைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். காரி நாயனார் கணக்கதிகாரத்தைச் செய்யுளிலேயே இயற்றினார். ஆதலின் தமிழுக்குங் கணக்கிற்கும் உள்ள உறவு புதிதன்று. எனினும், இன்று யாம் பேசுதற்குக் காரணம் வேறு.

நம் வாசகசாலைக் கணினியில், சமன்பாடு தீர்க்கும் விலையுயர்ந்த மென்பொருளொன்றின் கள்ளப் பிரதியைக் கடைக்காரர் ஒருவர் சிறு தொகைக்கு ஏற்றித் தந்தார். யாமும் ஆராயாது உடன்பட்டோம். சில திங்களில் அஃது உரிமச் சான்று கேட்டு நின்றுவிட்டது. உப்பளத்தில் கூலி வேலை செய்வோரின் மகளாகிய பொறியியற் கல்லூரி மாணவி ஒருத்தி, தான் பாதி செய்துவைத்த பயிற்சிகளைத் திறக்க இயலாது எம்மெதிரே நின்றாள். அன்று யாம் நாணினோம். இனி எதனைத் தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய வினா.

நம் தொழிலிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் உப்புப் பாத்தியின் சுற்றளவு 100 மீட்டர். பரப்பு 600 சதுர மீட்டர். நீள அகலம் யாவை? சமன்பாடு அமைத்தால் 30, 20 என விடை வரும். இதற்குக் கணினி வேண்டா. பரப்பு 500 ஆயின், ஒருவகை மென்பொருள் 25 உடன் 5√5 கூட்டியுங் கழித்தும் வருவன எனத் துல்லியமாய் விடை தரும். இது குறியீட்டு முறை. மற்றொரு வகை 36.18, 13.82 எனத் தரும். இஃது எண் முறை. நிறுவிக் காட்டுவோர்க்கு முன்னது வேண்டும். அளவு நாடா பிடிப்போர்க்குப் பின்னது வேண்டும். வெயிலுங் காற்றும் நாழிகைதோறும் மாற, உப்புநீர் எவ்வளவு வற்றும் என்பது போன்ற கணக்குகள் பலவற்றிற்குத் துல்லியமான வாய்பாடே அமையாது. அவற்றிற்கு எண் முறையே துணை. ஆகவே, எம் பிள்ளைக்கு எவ்வகைக் கணக்கு வரும் என்று முதலில் வினவுக; மென்பொருளின் புகழைப் பின்னர் வினவுக.

அடுத்தது விலை. மாத்தமாட்டிக்கா, மேப்பிள், மேட்லேப் ஆகியவை ஆற்றல் மிக்கவை. ஆயின் பணங்கொடுத்து உரிமம் பெறவேண்டியவை. கல்லூரி பெற்ற உரிமம் படிப்பு முடிந்தபின் மாணாக்கரோடு வீட்டிற்கு வாராது. இவற்றிற்கு நேராக, விலையின்றிக் கிடைப்பனவும் உள. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னுங் கல்வி நிலையத்தில் 1968-ஆம் ஆண்டளவில் தொடங்கிய மாக்சைமா (Macsyma) என்னும் மென்பொருளின் வழிவந்ததே மாக்சிமா (Maxima) எனச் சிறிதே பெயர் மாறி வழங்கும் இன்றைய மென்பொருள். பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் 2001-இல் தாம் மறையும் வரை இதனைப் பேணினார். 1998-இல் அரசின் இசைவு பெற்று அனைவர்க்கும் உரியதாக்கினார். குறியீட்டு முறைக்கு இது சாலும். எண் முறைக்கு ஆக்டேவ், சைலேப் என்பன உள. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பாசி என்னுந் திட்டம் சைலேபைக் கல்லூரிகளிற் பரப்பிவருகிறது. அங்குள்ள ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் பாடங்கள் தமிழிலுங் கிடைக்கின்றன. ஆங்கிலத்திற்கு அஞ்சும் நம் சிறார்க்கு இது பேருதவியாம்.

விலையின்மையினுஞ் சிறந்த பயன் ஒன்றுண்டு. இவை உள்ளே எவ்வாறு இயங்குகின்றன என்பதை எவரும் திறந்து பார்க்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். நம் சங்க வரவு செலவை ஆண்டுதோறும் அவையிற் படித்துக் காட்டுகிறோம் அல்லமோ? பலர் பார்க்கும் கணக்கிலே பிழை நெடுநாள் மறைந்திராது.

நிற்க. எம்மென்பொருளை எடுப்பினும் மறக்கலாகாதது ஒன்று. மேற்சொன்ன பாத்தியின் பரப்பை 700 என்று கொடுத்துப் பாருங்கள். கணினி சிறிதுந் தயங்காது. கற்பனை எண் கலந்த இரு விடைகளைத் தரும். அவற்றை அப்படியே ஏட்டிலெழுதும் மாணாக்கன் ஒன்றும் அறிந்தானல்லன். 100 மீட்டர் வரப்புக்குள் அடங்கும் நாற்கோணப் பாத்தியின் பெரும் பரப்பு, பக்கம் 25 ஆகிய சதுரத்தின் 625 தான். 700 உடைய பாத்தி உலகில் இல்லை. கணினி விடை தரும். அவ்விடையின் பொருளை நாமே காணவேண்டும். ஆதலின் சிறுவர் முதலிற் கையாற் செய்க. பின்னர்க் கணினியிற் காண்க. வந்த விடையைச் சமன்பாட்டிலே மீண்டும் இட்டுச் சரிபார்க்க.

எனவே யாம் வேண்டுவது இது: நம் வாசகசாலையில் மாக்சிமாவும் ஆக்டேவும் நேர்வழியில் ஏற்றப்படுக. உரிமத்திற்குச் செலவாகும் பணம் அம்மாணவி போன்றோரின் புத்தகத்திற்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் ஆகுக. பெற்றோர் உப்பளத்தில் வெயில் காய்ந்து ஈட்டும் பொருளுக்கு நாம் காட்டும் மரியாதை அதுவேயாம்.